பதின்மூன்றாவது ஆட்டத்தில் ஒரு மேகம்

தம்பி, தலையில் பேஸ்பால் தொப்பி போட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தும்விட்டீர்கள். ஆகவே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியது என் கடமை. 'ஹிட்' என்றால் மட்டையால் பந்தை அடிப்பது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பூமி தட்டை என்று நம்பியவர்களுக்கும் இவர்களுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. அவர்களாவது கப்பலில் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் போனார்கள்.

அடித்தாலும் ஹிட் ஆகாது. அடித்துவிட்டு ஓடி, முதல் பேஸ் என்கிற முதல் மூலையில் பத்திரமாகப் போய் நின்றாலும் ஆகாது. எதிரணிக்காரன் சாதாரணமாக முயன்றிருந்தால் அந்தப் பந்தைப் பிடித்திருக்க முடியாது என்று ஒருவர் சொல்ல வேண்டும். அப்போதுதான் ஹிட். பிடித்திருக்கலாம், கோட்டை விட்டுவிட்டான் என்று அவர் சொன்னால் அதன் பெயர் எரர். அடித்தவன் பேஸில் நிற்பான், கைதட்டல் வாங்குவான், ஆனால் கணக்கில் அவன் அடிக்கவே இல்லை. இதைச் சொல்கிறவர் நடுவர் இல்லை, கேப்டன் இல்லை, முதலாளியும் இல்லை. ஸ்கோரர். மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர்.

நான்தான்.

சிரிக்காதீர்கள். அந்தத் தொப்பி காசு கொடுத்து வாங்கியது இல்லையே? எக்ஸ்போர்ட் மிச்சம். தெரியும். இடது காதுக்கு மேலே தையல் ஏறி இறங்கியிருக்கிறது. நான் செக்கிங்கில் இருந்தபோது இது வந்திருந்தால் உங்கள் தலைக்கு வந்திருக்காது.

ஆமாம், திருப்பூரில் செக்கிங். தைத்து முடித்த பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இது பாஸ், இது ரிஜக்ட் என்று சொல்கிற வேலை. ரிடயர் ஆகும்வரை அதுதான் செய்தேன். எண்ணெய்க் கறை மிளகு அளவு இருந்தாலும் ரிஜக்ட். டெய்லர் அழுதாலும் ரிஜக்ட். ராத்திரி வீட்டில் புத்தகம் படிப்பேன். வரலாறு, தர்க்கம், சட்டம், எது கையில் கிடைக்கிறதோ அது. பைண்டிங் கோணலாக இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

என் முதலாளி நாச்சிமுத்துவுக்கு ஒரு அமெரிக்க பையர் இருந்தார். பனியன் வாங்குகிறவர். அவருக்கு பேஸ்பால் என்றால் உயிர். ஆர்டரைத் தக்கவைக்க வேண்டுமே. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? ஊருக்கு வெளியே எள்ளு போட்டிருந்த காட்டைச் சமன் செய்து, இன்னும் மூன்று கம்பெனிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பேஸ்பால் லீக்கே ஆரம்பித்துவிட்டார். காலேஜில் சாஃப்ட்பால் ஆடினவன், ஈட்டி எறிந்தவன், கிரிக்கெட்டில் செலக்‌ஷன் ஆகாதவன் எல்லாரையும் சம்பளத்துக்கு எடுத்தார். சம்பளம் வாங்கி ஆடினால் தொழில்முறை ஆட்டம்தானே. பொழுதுபோக்கு என்று சொல்லிவிடாதீர்கள். நான் சண்டைக்கு வருவேன்.

விதிப் புத்தகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை முழுதாகப் படித்த ஆள் லீக்கிலேயே நான் ஒருவன்தான். மற்றவர்கள் படம் பார்த்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "திருமூர்த்தி, நீங்க ரிஜக்ட் பண்ணிப் பழகுன ஆளு. யாரு மூஞ்சியும் பார்க்க மாட்டீங்க. நீங்களே ஸ்கோர் போடுங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். யாரு மூஞ்சியும் பார்க்க மாட்டீங்க. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆட்டத்தில் பெரிய பெருமை என்ன தெரியுமா? ஒரே நாளில் அடித்துத் தள்ளுவது இல்லை. தொடர்ந்து அடிப்பது. ஆட்டத்துக்கு ஒரு ஹிட்டாவது வேண்டும். ஒரு ஆட்டம் சும்மா போனால் தீர்ந்தது, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் ஐம்பத்தாறு ஆட்டம் தொடர்ந்து அடித்திருக்கிறார். எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒருத்தன் கிட்டே வரவில்லை. அதிலும் ஒன்றிரண்டு ஸ்கோரர் தயவு என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பாவம் அந்த ஸ்கோரர். அவர் முகத்தை நான் பார்த்தது கிடையாது. ஆனால் அவர் தூக்கம் எனக்குத் தெரியும்.

எங்கள் லீக்கில் ரெக்கார்டு பன்னிரண்டு. வைத்திருந்தவர் சிவநேசன் என்று ஒருவர். நல்ல ஆட்டக்காரர். என் மகளைக் கட்டியிருக்கிறார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள், அதனால் சொல்கிறேன்.

இங்கேதான் முதலாளி ஒரு காரியம் செய்தார். கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவுக்கு இன்சார்ஜ் வேலை ஒன்று. நிரந்தர வேலை. கண்ணாடி ரூம், ஏசி, சுழல்கிற நாற்காலி. அதை ரெக்கார்டு வைத்திருக்கிறவனுக்குத் தருவதாக மைக்கில் அறிவித்துவிட்டார். "சுழற்கோப்பை இருக்குதில்ல, அந்த மாதிரி சுழல் நாற்காலி. ரெக்கார்டு யாருகிட்டயோ நாற்காலி அவன்கிட்ட" என்று. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு வேலைக்கு ஆள் வைக்கிற முறையா இது? எனக்கு அன்றைக்கே குமட்டியது. ஆனால் அதைச் சொல்ல முடியாத நிலைமை. அப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளை.

ஜன்னலை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். சரி, போதும். பல்லடம் போக இன்னும் நேரம் இருக்கிறது.

மாப்பிள்ளையின் பன்னிரண்டில் ஒன்றைப் பற்றித்தான் பின்னால் எல்லாரும் வாய் கிழியப் பேசினார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது ஆட்டம். மாப்பிள்ளை உயரமாக ஒரு பந்து அடித்தார். கீழே நின்றவன் அண்ணாந்து பார்த்தான். சூரியன் நேர் எதிரே. கண்ணுக்குக் கையைக் குறுக்கே வைத்தான். பந்து அவன் தோளில் விழுந்து தரைக்குப் போனது. நான் ஹிட் என்று போட்டேன். ஏன்? சூரியன் கண்ணில் அடித்தால் எந்த மனிதனாலும் பிடிக்க முடியாது. சாதாரண முயற்சி போதாது. விதிப் புத்தகத்தின் கருத்தும் அதுதான். யாரும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாப்பிள்ளை மாப்பிள்ளையும் இல்லை. கல்யாணம் நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்தது.

பிறகு சென்னியப்பன் வந்தான். சென்னி என்று கூப்பிடுவார்கள். முதலாளியின் சாயப்பட்டறையில் வேலை. பனியன் துணியைச் சாயத் தொட்டியில் போட்டு எடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டை பிடிக்க வருவான். கை இரண்டும் முழங்கைவரைக்கும் ஒரு நாள் நீலம், ஒரு நாள் அரக்கு. நகத்துக்குள் எப்போதும் ஏதாவது ஒரு நிறம். தோல் வேறு உரிய ஆரம்பித்திருந்தது. பட்டறையை விட்டு வெளியே வந்தால்தான் கை ஆறும், இல்லாவிட்டால் சீக்கிரம் இந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக எல்லாரும் சொன்னார்கள். வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டிருக்கிறான். முதலாளி, "ரெக்கார்டை ஒடச்சிரு, நாற்காலி காத்திட்டிருக்குது" என்று முதுகில் தட்டினாராம். பரிதாபம்தான். விதிப் புத்தகத்தில் கையைப் பற்றி ஒன்றும் இல்லை.

சென்னி அடித்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் அடித்தான். அவன் பந்தை உயர்த்தி அடிப்பதில்லை. இரண்டு ஆளுக்கு நடுவில் இருக்கிற சந்தைப் பார்த்து, கதவிடுக்கில் கடிதம் போடுகிற மாதிரி போடுவான். நான் தயங்க வேண்டியதே இல்லை. ஹிட், ஹிட், ஹிட். என் கையாலேயே எழுதினேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆனால் அந்த ஊர் பண்ணின கூத்து இருக்கிறதே. முதலாளி ராசிச் சட்டை என்று ஒன்றை ஆட்டத்துக்கு ஆட்டம் துவைக்காமல் போட்டு வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்த கம்பெனிக்காரர்கள் மூக்கைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எட்டாவது ஆட்டத்தில் சென்னி அடித்த நேரத்தில் ஒருவர் கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாராம். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தூணைக் கட்டிக்கொண்டே நின்றார். உட்கார விட மாட்டார்கள். மட்டையில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஒரு தடவை பந்து பழத்தில் பட்டு என் தாள் மேலெல்லாம் சாறு. திருஷ்டிப் பூசணிக்காயை முதல் பேஸிலேயே உடைத்தார்கள். ஓடுகிறவன் வழுக்கி விழமாட்டானா? கேட்டால் என்னை முறைத்தார்கள்.

எண்ணை வாய்விட்டுச் சொல்லவும் கூடாதாம். சொன்னால் அறுந்துவிடுமாம். நான் சொன்னேன். ஸ்கோரர் எண்ணைச் சொல்லாமல் என்ன சொல்வது? பத்தாவது முடிந்ததும் சென்னியைப் பார்த்து, "இதோடு பத்து" என்றேன். மைதானமே மூச்சை நிறுத்தியது. தூணைக் கட்டியிருந்தவர், "வாயில வசம்பை வெச்சுத் தேய்க்க" என்றார். சென்னி மட்டும் சிரித்தான். "எண்ணிக்கிட்டே இருங்கய்யா. எனக்கு மறந்து போயிருது" என்றான். நல்ல பையன். எனக்கு அவன் மேல் ஒரு குறையும் கிடையாது.

பன்னிரண்டும் ஆனது. மாப்பிள்ளைக்குச் சமம். இனி ஒன்று. அந்த ஒன்று அடித்தால் நாற்காலி கை மாறும்.

அந்த வாரம் மகள் பூங்கோதை வீட்டுக்கு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சமையற்கட்டில் அம்மாவோடு பேசினாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அவரு திரும்பவும் கட்டிங் டேபிளுக்குப் போகணுமாம்பா. வீட்டு லோனு வேற இருக்குது" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, செருப்பிடம் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பதின்மூன்றாவது ஆட்டம். சித்திரை மாதம். ஊரே வந்திருந்தது. பஜ்ஜிக் கடை வேறு போட்டுவிட்டார்கள். சென்னி முதல் முறை வந்தான், அவுட். இரண்டாவது முறை பந்து எறிகிற பிட்சர் நாலு பந்தைத் தூரத் தூரப் போட்டான், அதனால் சும்மா நடந்து பேஸுக்குப் போனான். அது ஹிட் கணக்கில் வராது. மூன்றாவது முறை அவுட். இனி ஒரு வாய்ப்புதான். அவன் மட்டையைப் பிடிக்குமுன் கையைத் துணியால் சுற்றிக்கொண்டான். எலுமிச்சம்பழத்தைத் தானே அறுத்துப் போட்டுவிட்டான். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவன் மேல் மரியாதை உண்டு.

அடித்தான். வழக்கமில்லாமல் உயரமாகப் போனது. எதிர் அணியில் ஜெரால்டு என்று ஒருவன், கீழே போய் நின்றான். நல்ல பிடிப்பவன். அண்ணாந்தான், கையுறையை நீட்டினான், பந்து கையுறையின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. சென்னி முதல் பேஸைத் தாண்டி ஓடித் திரும்பி வந்து நின்றான். சத்தம் பெருமாநல்லூர்வரைக்கும் கேட்டிருக்கும். முதலாளி ராசிச் சட்டையோடு இரண்டு பேரைக் கட்டிப்பிடித்தார். அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தூண்காரர் அப்போதும் தூணை விடவில்லை, அங்கேயே அழுதார்.

நான் எரர் என்று போட்டேன்.

கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். சூரியன் எங்கே இருந்தது? அதே இடத்தில்தான். ஜெரால்டு கண்ணில் அடிக்கவில்லையா? அடித்திருக்கும், மேகம் வராவிட்டால். அந்த நேரத்தில் ஒரு மேகம் வந்தது. சின்ன மேகம். நான் பார்த்தேன். பந்து மேலே போகிறபோது சூரியனை மறைத்தது, கீழே வருகிறபோது விலகிவிட்டது. கண் கூசவில்லை என்றால் அது சாதாரணப் பந்து, சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்து. ஆக எரர். தர்க்கத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா, சொல்லுங்கள்.

ஸ்கோர் போர்டில் எழுதுகிறவன், என் தாளில் எரருக்குப் போட்டிருந்த 'இ' எழுத்தை மூன்று தடவை பார்த்தான். "ஐயா, இது 'இ'தானுங்களா?" என்றான். "இ" என்றேன். எழுதினான்.

சத்தம் உடனே நிற்கவில்லை. பின்னால் இருக்கிறவர்களுக்குச் சேதி போகப் போக, வரிசை வரிசையாக அடங்கியது. பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சத்தம் கேட்டது. சென்னி முதல் பேஸில் நின்று போர்டைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

முதலாளி மேசைக்கு வந்தார். "திருமூர்த்தி, எந்த மேகம்?"

"இப்போ போயிட்டுதுங்க."

"எங்கே போச்சு?"

மேகம் எங்கே போகும் என்று நான் எப்படிச் சொல்வது? அவிநாசிப் பக்கம் என்றேன். அவர் அவிநாசிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. என் பேச்சை அவர் தட்ட முடியாது, அவரே போட்ட விதி. சட்டையைக் கழற்றி என் மேசை மேல் போட்டுவிட்டுப் போனார். குமட்டல் என்று சொன்னேனே, அந்தக் குமட்டலை நான் மனத்தால் மட்டும் படவில்லை.

ஆனால் என்னை அதிகம் குமட்டவைத்தது அந்தச் சட்டை இல்லை. தூண்காரர் என் பைக்கில் காற்றைப் பிடுங்கி விட்டாரே, அதுவும் இல்லை. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். போன் அடித்தது. பூங்கோதை.

"அப்பா, தேங்க்ஸ்பா."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

சும்மாத்தான். கேட்டீர்களா? ஒரு மனிதன் தர்க்கப்படி, புத்தகப்படி, மேகப்படி ஒரு முடிவெடுக்கிறான். அதற்கு நன்றி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையே வந்துவிட்டார். கையில் மைசூர்பா டப்பா. சாஷ்டாங்கமாக விழப் போனார், நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"மாமா, இந்த உதவியை என்ற உசிரு இருக்கறவரைக்கும்..."

"நான் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை."

"தெரியுமுங்க மாமா, தெரியும். வெளியில யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

பாருங்கள். வெளியில் சொல்ல மாட்டாராம். இதைவிட அருவருப்பான ஒன்றை என் வாழ்நாளில் யாரும் என் முன்னால் வைத்ததில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பிரச்சினை பெரிதாகும். வைத்துக்கொண்டேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன். நெய் சரியில்லை.

என் வீட்டுக்காரி தெய்வானைக்குப் பேஸ்பாலில் எத்தனை பேஸ் என்றுகூடத் தெரியாது. அவள் டப்பாவை மூடிக்கொண்டே சொல்கிறாள்: "அன்னைக்கு அடிச்ச வெயிலு வேற, இன்னைக்கு அடிச்ச வெயிலு வேறயாக்கும்."

"மேகம் வந்தது."

"சித்திரையில, திருப்பூருல. துணி காயப் போட்டவ நானு. எனக்கு வராத மேகம் உங்களுக்கு வந்துதா?"

மேகம் வீடு வீடாக வராது என்று சொன்னேன். அவள் ஒரு துண்டு மைசூர்பா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்கு அர்த்தம் பேச்சு முடிந்தது என்று. முப்பது வருடமாக அப்படித்தான்.

எங்கள் லீக் விதிப்படி ஸ்கோரர் தன் முடிவை மறுநாள் அதே நேரத்துக்குள் மாற்றலாம். இது ஊருக்கே தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் சென்னி வந்தான். கூடவே ஜெரால்டு.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஜெரால்டுதான் பேசினான். "சத்தியமா கண்ணு கூசிருச்சுங்க ஐயா. பந்து எங்க வருதுன்னே தெரியலீங்க. கையில பட்டதே விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"கையுறையில் பட்டதா இல்லையா?"

"பட்டுதுங்க."

"பட்டதைப் பிடித்திருக்க வேண்டும்."

"சிவநேசன் அண்ணன் அடிச்சது தோளுல பட்டுதுங்களே?"

"தோளில் படுவது பிடிக்க வருவது இல்லை. கையில் படுவது பிடிக்க வருவது. தோளால் யாராவது பிடிப்பார்களா?"

அவன் கொஞ்ச நேரம் தன் தோளையே பார்த்துக்கொண்டு நின்றான். எரர் என்றால் அவன் பேருக்குத்தான் கறை. அதைத் துடைக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அதை அவனிடமே சொன்னேன். "என்ற பேரு போனாப் போகுதுங்க. எனக்கு அஞ்சு எரர் வேணும்னாலும் போட்டுக்குங்க. இவன் கையைப் பாருங்க" என்றான்.

சென்னி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தெய்வானை இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள். சென்னி தோள் துண்டை எடுத்து டம்ளரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். காப்பி அவ்வளவு சூடு இல்லை. நான் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வந்ததற்கு அவனுக்கு நியாயமாக விளக்கினேன். சாதாரண முயற்சி என்றால் என்ன, அசாதாரண முயற்சி என்றால் என்ன, அமெரிக்காவில் இதே மாதிரி எத்தனை வழக்கு என்று பொறுமையாகச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டான். கடைசியில்தான் வாயைத் திறந்தான்.

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. அடிச்ச உடனே நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா நான் ஓடாம நின்னுக்குவேன். அவ்வளவு தூரம் ஓடி, பேஸுல போய் நின்னு, எல்லாரும் கட்டிப்பிடிச்சு... அப்புறம் இல்லைன்னா, ஒரு மாதிரி இருக்குதுங்க."

"அடித்த உடனே சொல்ல முடியாது. பிடிக்கிறானா என்று பார்க்க வேண்டாமா?"

"மேகத்தையும் பார்க்கணுமுங்களே" என்றான்.

கிண்டல். அந்த வயதில் அப்படித்தான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை அதே நேரத்துக்கு மைதானத்துக்குப் போனேன். மனசாட்சி உள்ளவன் அப்படித்தான் செய்வான். என் மேசை இருக்கிற இடத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன். மேகம் இல்லை. ஜெரால்டு நின்ற இடத்துக்குப் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை வெயில் ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்குச் சாட்சி ஆகாது. அது அடிப்படைத் தர்க்கம்.

மாற்றிவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. ஏன் மாற்ற வேண்டும்? மாப்பிள்ளைக்குச் சாதகம் செய்தேன் என்று ஊர் சொல்கிறது, அதற்காக. ஊருக்குப் பயந்து மாற்றினால் அப்போதுதானே நான் மாப்பிள்ளையை நினைத்து முடிவெடுத்தவன் ஆவேன்? மாப்பிள்ளைக்கு எதிராகச் செய்தாலும் மாப்பிள்ளையை வைத்துச் செய்ததுதான். யார் மூஞ்சியும் பார்க்காதவன் மாற்றக் கூடாது. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நேரம் தாண்டியது. பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்த நியாயத்தைச் சொன்னால் ஒருத்தர் முழுதாகக் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள் என்றாலும் கேட்டீர்கள்.

நாற்காலி மாப்பிள்ளையிடமே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கூட்டம் பாதி. பஜ்ஜிக் கடை இல்லை. சென்னி மட்டை பிடிக்க வந்தான். இரண்டு கையிலும் கட்டு. முதல் பந்தே, தம்பி, யாரும் அந்த மாதிரி அடித்து நான் பார்த்ததில்லை. எல்லார் தலைக்கும் மேலே போய், காட்டின் கடைசியில் வேலி ஓரம் இருக்கிற வேப்பமரத்தடியில் விழுந்தது. யாரும் கிட்டேகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஹிட். மேகமாவது வெயிலாவது. நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

சென்னி ஓடவில்லை. மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"ஹிட்டுங்களா?" என்றான்.

மரியாதையாகத்தான் கேட்டான். அவன் அணிக்காரர்கள் "ஓடுறா, ஓடுறா" என்று கத்துகிறார்கள். இவன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஓடினால்தான் ஹிட்டா இல்லையா என்று நான் சொல்ல முடியும். ஓடாமல் நிற்கிறவனுக்கு நான் என்ன சொல்வது? புத்தகத்தில் அதற்கு இடமே இல்லை. மரத்தடியிலிருந்து பந்தை எடுத்தவன் ஓடி வந்தான், பிறகு நடந்து வந்தான், வழியில் நின்று தண்ணீர்கூடக் குடித்தான். மெதுவாகப் பந்தோடு முதல் பேஸுக்கு வந்து காலை வைத்தான். அடித்தவனுக்கு முன்னால் பந்து அங்கே வந்துவிட்டால் அவன் கதை முடிந்தது. நடுவருக்கே சொல்ல மனம் வரவில்லை. சொன்னார். அவுட்.

அவுட் என்று எழுதினேன். நடந்ததைத்தானே எழுத முடியும்.

அந்த ஆட்டத்தில் இன்னும் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் அடித்தான். மூன்று முறையும் நின்றான். "ஹிட்டுங்களா?" குரலை உயர்த்தவே இல்லை. நாலாவது தடவை கேட்டதும் மட்டையை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். பிடியில் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது. சாயம் என்று நினைத்தேன். பிறகு பட்டறைக்கே போய்விட்டான். திரும்ப ஆட வரவில்லை. இப்போதும் அங்கேதான், தொட்டியில்தான் என்று சொல்கிறார்கள்.

சொல்லுங்கள், விளையாட்டை இப்படிக் கேவலப்படுத்தலாமா? எவ்வளவு பெரிய ஆட்டம். நூற்றைம்பது வருடமாகச் செதுக்கிய விதிகள். அதில் ஒருவன் ஓடாமல் நிற்கிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கெட்டுப்போனார்கள். வேண்டுமென்று செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பழக்கம் ஆகிவிட்டது. நாலு அணியிலும் எவன் அடித்தாலும், ஓடுவதற்கு முன் ஒரு நொடி என் மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் பாதிப் பேர் அவுட்.

இறங்க வேண்டும், கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். மகள் வீடு. மாப்பிள்ளை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் முதலாளி ஆள் அனுப்பி அடிக்கிறவர்கள் கண்ணில் என் மூஞ்சி படாதபடி என் மேசைக்கு முன்னால் பச்சைத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டச் சொன்னார். நான் பார்ப்பதற்கு நடுவில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள்.